லாக் வால்யூமும் பொக்லைனும்

ஆடி 8

கோழித்தீவன ஆலையின் கிளஸ்டர் வேலை இன்று தொடங்கியது. நாமக்கல் அலுவலகத்தில் ஒரு சர்வர் அறை, சேலம் கிடங்கில் இன்னொன்று. நாமக்கல் படுத்தால் சேலம் எழுந்து பில் போட வேண்டும். கடைசியாகப் போட்ட பில்லும் அதில் இருக்க வேண்டும். ஆலைக்காரர்கள் கேட்பது இவ்வளவுதான்.

நான் இருப்பது காளப்பநாயக்கன்பட்டி. சேந்தமங்கலம் தாண்டி, காரவள்ளிக்கு முன்னால், கொல்லிமலையின் காலடி. ஆடிக் காற்றுக்கு எங்கோ ஒரு கிளை ஒடிந்து விழுந்து, இன்று மட்டும் பலமுறை கரண்ட் போய் வந்தது. ரிமோட்டில் உட்கார்ந்து இரண்டு ஊர் சர்வர்களைக் கட்டுகிறவனுக்கு இந்த ஊர் நல்ல ஆசிரியர். இணைப்பு எப்போதும் இருக்கும் என்ற நம்பிக்கையை இங்கே யாரும் வளர்க்க முடியாது.

பயன்படுத்துவது ஸ்டோரேஜ் ரெப்ளிகா. விண்டோஸ் சர்வர் 2016இல் டேட்டாசென்டர் பதிப்புக்கு மட்டும் வந்தது. 2019இலிருந்து ஸ்டாண்டர்ட் பதிப்பிலும் உண்டு, ஆனால் ஒரே ஒரு வால்யூம், அதுவும் 2 டிபி வரைக்கும்தான். ஆலையிடம் டேட்டாசென்டர் உரிமமே இருப்பதால் அந்தக் கவலை இல்லை. ஸ்டோரேஜ் ரெப்ளிகா கோப்புகளைப் பார்த்து நகலெடுப்பதில்லை. கோப்பு முறைக்கும் கீழே இறங்கி, டிஸ்க்கில் எழுதப்படும் ஒவ்வொரு பிளாக்கையும் அனுப்புகிறது. டேட்டாபேஸ் கோப்பு திறந்தே கிடந்தாலும் அதற்குக் கவலையில்லை.

ஆடி 10

மேலாளரிடம் போனில் நெடுநேரம்.

"ஏனுங்க தம்பி, டேட்டாவுக்கு ஒரு டிஸ்க் சரி. லாக்குனு இன்னொரு எஸ்எஸ்டி எதுக்குங்க? அதுவும் ரெண்டு ஊர்லயும்?"

மண்டிக் கணக்கு தெரிந்தவர். அதனால் நாள்வழியையும் பேரேட்டையும் வைத்தே சொன்னேன். சரக்கு வந்ததும் முதலில் நாள்வழியில் எழுதுகிறோம், பேரேட்டில் பிறகு சாவகாசமாக ஏற்றுகிறோம். லாக் வால்யூம் அந்த நாள்வழி. ஒரு பில் போட்டால் அது நாமக்கல் லாக்கில் எழுதப்படும். அதே நேரம் சேலத்துக்குப் போய் அங்குள்ள லாக்கிலும் எழுதப்படும். 'எழுதியாச்சு' என்று சேலம் சொன்ன பிறகுதான் பில் போடும் மென்பொருளுக்கு 'சரி' கிடைக்கும். டேட்டா வால்யூமில் ஏற்றுவது அதற்கப்புறம். இதுதான் சிங்க்ரனஸ் முறை.

ஆகவே லாக் டிஸ்க் மெதுவாக இருந்தால் கல்லாவில் நிற்கிற ஆளும் காத்திருப்பார். டேட்டாவுக்குப் பழைய சுழலும் டிஸ்க்கை வைத்துக்கொண்டாலும் லாக்குக்கு நல்ல எஸ்எஸ்டி வேண்டும். அந்த வால்யூமில் வேறு எதையும் போடக் கூடாது. "மிச்ச இடத்துல சிசிடிவி பதிவைப் போட்டுக்கலாமுங்களா?" என்று கேட்டார். கூடாது.

கம்பித் தூரத்தையும் பார்த்துவிட்டேன். சிங்க்ரனஸ் முறைக்குப் போய்வரும் நேரம் சராசரியாக 5 மில்லி வினாடிக்குள் இருக்க வேண்டும். நாமக்கல்லுக்கும் சேலத்துக்கும் சுமார் 50 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி போய்த் திரும்ப அரை மில்லி வினாடி போதும். மீதியெல்லாம் நடுவில் இருக்கும் பெட்டிகளின் தாமதம். அளந்தபோது 2 மில்லி வினாடி வந்தது. தாராளம்.

ஆடி 12

டிஸ்க் விற்றவர் வேலையைக் காட்டிவிட்டார். நாமக்கல் எஸ்எஸ்டியின் செக்டர் அளவு 512 பைட். சேலத்துக்கு அனுப்பியது 4096. கொள்ளளவு ஒன்றுதான், விலைச்சீட்டிலும் ஒரே பெயர்தான். ஆனால் இரண்டு பக்க லாக் வால்யூம்களும் அளவிலும் செக்டரிலும் ஒத்திருக்க வேண்டும். டேட்டா வால்யூம்களுக்கும் அப்படியே. எல்லாம் ஜிபிடி டிஸ்க்காக இருக்க வேண்டும், பழைய எம்பிஆர் ஆகாது. பார்சல் திரும்பிப் போகிறது. வாங்கும்போதே இரண்டு ஊருக்கும் ஒரே மாடலை ஒரே பில்லில் வாங்கியிருந்தால் இந்த வாரம் மிச்சம்.

ஆடி 14

இன்று லாக் அளவு. இந்த வேலையில் எனக்குச் சுவாரஸ்யமான இடம் இதுதான்.

முதலாளி கேட்டார்: "ஒன்றரை டிபி டேட்டாவுக்கு 8 ஜிபி லாக் பத்துமா?" அந்த 8 ஜிபி மைக்ரோசாஃப்ட் தானாக வைக்கும் அளவு. அதற்கு வால்யூம் குறைந்தது 9 ஜிபி இருக்க வேண்டும். ஆனால் கேள்வியே வேறு பக்கம் பார்க்கிறது. டேட்டா 10 ஜிபியா, 10 டிபியா என்பதற்கும் லாக் அளவுக்கும் தொடர்பில்லை. லாக்கைப் பெரிதாக்கினால் வேகம் கூடாது, சிறிதாக்கினால் குறையாது. பெரிய லாக் என்ன செய்கிறது? இணைப்பு அறுந்து கிடக்கும்போது எழுதியதையெல்லாம் அதிக நேரம் சேர்த்து வைத்திருக்கிறது. ஜிபியில் எழுதினாலும் அது நேர அளவு.

ஆலையில் பரபரப்பான வேளையில் வினாடிக்குச் சராசரியாக 3 எம்பி எழுதப்படுகிறது. அந்த வேகத்தில் 8 ஜிபி ஏறக்குறைய 45 நிமிடத்தில் நிரம்பிவிடும். அதற்குள் கம்பி சரியானால் விட்ட இடத்திலிருந்து வரிசையாகத் தொடரலாம். தாண்டினால் மாறிய பிளாக்குகளை மட்டும் குறித்து வைத்துக்கொண்டு பிறகு அள்ளிப் போடும். அந்த அள்ளல் முடியும் வரை சேலத்துப் பிரதியை நம்பி எதையும் திறக்க முடியாது.

நம் பக்கம் கம்பி எப்படி அறுகிறது? பொக்லைன். சாலை அகலப்படுத்தல், குடிநீர்க் குழாய், சாக்கடை. பொக்லைன் தோண்டிய கேபிளை 45 நிமிடத்தில் ஒட்டிக் கொடுத்த கதையை நான் கேட்டதில்லை. ஆள் வந்து, இடம் கண்டுபிடித்து, ஒட்டி முடிக்க அரை நாள் ஆகும்.

ஊருக்கு மட்டும் வரும் வியாதி இல்லை இது. 2021 பிப்ரவரி 24 அன்று மும்பையில் தேசியப் பங்குச் சந்தை காலை 11:40க்கு நின்றது. மாலை 3:45க்குத்தான் திரும்பியது. முதன்மைத் தளத்துக்கும் பக்கத்து மாற்றுத் தளத்துக்கும் இடையே இரண்டு நிறுவனங்களின் இணைப்பு வைத்திருந்தார்கள். வழியில் நடந்த தோண்டும் வேலையால் இரண்டுமே தடுமாறின. இணைப்பு போனால் முதன்மைத் தளத்தின் ஸ்டோரேஜ் தனியாகவே ஓடியிருக்க வேண்டும். அது சர்வர்களின் கைக்கு எட்டாமல் போய்விட்டது. இடர் மேலாண்மை அமைப்பு நின்றதால் வணிகமும் நின்றது. பிரதியெடுக்கும் ஏற்பாடே மூலத்தைக் கீழே இழுத்துப்போட்ட கதை. ஸ்டோரேஜ் ரெப்ளிகாவில் மறுபக்கம் போய்விட்டால் மூலப் பக்கம் நிற்காது. தன் லாக்கில் எழுதிக்கொண்டே போகும். அதற்கும் லாக்கில் இடம் வேண்டும்.

8 மணி நேரம் என்று வைத்தேன். 28,800 வினாடி, வினாடிக்கு 3 எம்பி: 84 ஜிபி சொச்சம். 100 ஜிபி என்று முடித்தேன். முதலாளி மறுபேச்சு பேசவில்லை. அவர் வீட்டுத் தெருவிலும் தோண்டிப் போட்டிருக்கிறார்களாம்.

ஆடி 18

கொல்லிமலை மேல் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா. விடிந்ததிலிருந்து வண்டிகள் எங்கள் ஊர் வழியாக 70 கொண்டை ஊசி வளைவுகளை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கின்றன. ஆலைக்கும் விடுமுறை. முதல் ஒத்திசைவுக்கு ஏற்ற நாள்.

மாற்று டிஸ்க் வந்துவிட்டது. எந்த நோட், அதாவது எந்த சர்வர், எந்த ஊர் என்று கிளஸ்டருக்குச் சொல்லியாயிற்று. இரண்டு ஊருக்கும் தொடர்பு அறுந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்ற ஓட்டெடுப்பில் மூன்றாவது ஓட்டுப் போடும் சாட்சியை உங்கள் வீட்டிலேயே வைக்கலாமே என்றான் ஆலையின் பையன் ஒருவன். காளப்பநாயக்கன்பட்டி கரண்ட்டை நம்பி ஆலையின் தலைவிதியை நான் எழுத மாட்டேன். சாட்சி கிளவுடுக்குப் போனது.

லாக் டிஸ்க் கிளஸ்டரின் 'அவைலபிள் ஸ்டோரேஜ்' குழுவில் இருக்க வேண்டும். பவர்ஷெல்லில் கட்டளையாகக் கொடுக்கிறவர்கள், இரு பக்கத்தையும் பிரதிக்காக இணைக்கும் முன் அந்தக் குழுவைச் சேலம் நோடுக்கு நகர்த்த வேண்டும். இல்லாவிட்டால் சேலத்து டிஸ்க் கண்ணிலேயே படாது. வரைகலைத் திரை வழியாகச் செய்தால் அதுவே நகர்த்திக்கொள்கிறது. 1 ஜிபிபிஎஸ் கம்பியில் ஒன்றரை டிபி போய்ச் சேரக் கணக்குப்படி மூன்றரை மணி நேரம். அதைவிடக் கூடவே பிடித்தது.

மாலையில் மேலாளர் பதறினார்: "சேலத்துல அந்த டிரைவே காணோமுங்க!" காணாமல்தான் இருக்கும். பிரதியாகும் வால்யூமை யாரும் திறக்க முடியாது. நாமக்கல் விழுந்து சேலம் பொறுப்பேற்கும்போதுதான் அது வெளியே வரும். இன்னொன்றையும் சொல்லி வைத்தேன்: இது பேக்கப் இல்லை. நாமக்கல்லில் யாராவது ஒரு கோப்பை அழித்தால் சேலத்திலும் அந்தக் கணமே அழியும். ரேன்சம்வேர் வந்தாலும் அதே கதைதான். தினசரி பேக்கப் தனியாக ஓட வேண்டும்.

ஆடி 22

எல்லாம் பச்சையாக இருக்கிறது. கையெழுத்து கேட்கிறார்கள். நாமக்கல் நோடை நிறுத்தி, ஒரு பகல் முழுக்கச் சேலத்திலிருந்து பில் போட்டுப் பார்க்காமல் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "ஓடுற சர்வரை எதுக்குங்க நிறுத்தோணும்?" என்கிறார் முதலாளி. 2024 மார்ச் 2, மே 18 ஆகிய இரண்டு சனிக்கிழமைகளிலும் தேசியப் பங்குச் சந்தை விடுமுறை நாளில் கடை திறந்தது. முதலில் முதன்மைத் தளத்தில், பிறகு மாற்றுத் தளத்தில், நிஜப் பணத்தோடு வணிகம் நடத்திப் பார்த்தது. அதைச் சொன்னேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறார். ஞாயிறு காலை ஆறு மணிக்கு நாமக்கல் நோடை நிறுத்த அனுமதி கேட்டு எழுத்தில் அனுப்பிவிட்டேன்.