மூன்று ஊர், ஒரு நாள்

மயிலாடுதுறையிலிருந்து வேன் காலை ஏழு மணிக்குக் கிளம்பியது. பூம்புகார், தரங்கம்பாடி, பொழுதிருந்தால் திருக்கடையூர். இரவு எட்டுக்குள் வீடு. பார்ப்பது என்ற காரியத்தை இவ்வளவு கறாராகக் கூறு போட்டுவிட முடிகிறது. அப்பாவை அழைத்துப் போனது என் யோசனை. எண்பதைத் தாண்டியவருக்குச் சரித்திரத்தைக் காட்டப் போகிறேன் என்ற பெருமிதம் எனக்கு இருந்ததை மறைப்பதற்கில்லை.

பூம்புகாரில் அவர் கேட்டது ஒன்றுதான்: "ஊர் எங்கேடா?" நான் கடலைக் காட்டினேன். நாங்கள் நின்றது 1973இல் கட்டிய சிலப்பதிகாரக் கலைக்கூடத்தின் முன்னால். ஒரு காவியத்தின் சொற்களிலிருந்து ஊரை ஊகித்து, ஊகத்தைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஊர் போனபின் சொல் மிஞ்சுகிறது என்றேன். அப்பா தலையாட்டினார். அது எனக்காக.

தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டை நிற்கிறது. 1845இல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டைக்கு முந்நூறு வருஷம் மூத்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. 2004 டிசம்பரில் அதே கடல் மீனவர் வீடுகளுக்குள்ளும் வந்தது. இவ்வளவுக்கும் எங்களுக்கு ஒதுக்கியிருந்தது ஒன்றரை மணி நேரம்.

சீகன்பால்கு கட்டிய 1718ஆம் வருஷத்து ஆலயத்தின் முன் நின்று, படித்ததை ஒப்பித்தேன். 1706இல் வந்து இறங்கியவர். 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரியவை. காகிதம் போதாமல் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள்.

அப்பா நின்றுவிட்டார்.

முப்பத்துநான்கு வருஷம் மாயவரத்தில் ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டராக இருந்தவர். ஆஃப்செட் வந்ததும் எழுத்துகளைச் சாக்கில் கட்டி, ஈயமாக, கிலோக் கணக்கில் விற்றார்கள். அன்று வீட்டுக்கு வந்து வெகுநேரம் கை கழுவிக்கொண்டிருந்தார். அதன்பின் அந்தப் பேச்சே எடுத்ததில்லை. என் முதல் கவிதையைக் கோத்தவரும் அவர்தான். நன்றாயிருக்கிறது என்றோ இல்லையென்றோ சொல்லவில்லை. விட்டுப்போன ஓர் ஒற்றைச் சேர்த்திருந்தார்.

"காயிதமே பத்தலேன்னா எழுத்தும் கொஞ்சமாத்தான் இருந்திருக்கும். ஒரு பாரம் அடிச்சதும் பிரிச்சுப் போட்டாத்தான் அடுத்தது கோக்கலாம். பிரிச்சுப் போட எத்தனை பேர் இருந்தாங்க?"

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. நான் புத்தகத்தில் தேடிப் படித்த வருஷங்களில் இந்தக் கேள்வி ஒருமுறைகூட எனக்குத் தோன்றியதில்லை. வந்தவர், வார்த்தது, அச்சிட்டது எல்லாம் இருந்தன. எழுத்தைத் திரும்ப அதனதன் அறையில் போட்ட கை இல்லை. வீட்டிலேயே அந்தக் கை இருந்தும் நான் பார்க்கவில்லை.

"ராத்திரி விளக்கு வெச்சுப் பிரிச்சிருப்பான்," என்றார் அப்பா. "ணகரம் னகரம் கலந்துபோகும்."

வேன்காரர் ஹாரன் அடித்தார். மற்றவர்கள் ஏறிவிட்டிருந்தார்கள். அப்பா ஆலயத்துக்குள் போகவுமில்லை, கோட்டைப் பக்கம் திரும்பிப் பார்க்கவுமில்லை.

திருக்கடையூருக்குப் பொழுதில்லை என்றதும், பின்சீட்டில் ஒருவர் காசைத் திருப்பிக் கேட்டார்.