வெட்கம் தடுத்த தொழுகை

மலக்குடலில் புற்று கண்டு அறுவை செய்து இரண்டாண்டுகள் நிறைந்துவிட்டன. உயிரைக் காத்தருளிய அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். எனினும் அதன்பின் வந்த சோதனையை நெடுநாள் எவரிடமும் கூறினேனில்லை.

மலக்குடல் வெறும் வழியன்று. கழிவைத் தேக்கி உரிய வேளையில் வெளியேற்றும் இடம். அதனை நீக்கிப் பெருங்குடலை ஆசனவாயின் அருகே இணைத்துத் தைத்தபின் தேக்குமிடம் இல்லாது போகிறது. நாளொன்றுக்குப் பத்து முறை மலங்கழிக்க ஓடினேன். காற்றை அடக்கவும் இயலவில்லை. சிறிது கசிவும் இருந்தது.

முப்பதாண்டுகள் மாணவர்க்கு உளூவின் சட்டங்களைப் போதித்த நான் பள்ளிவாசலுக்குச் செல்வதை நிறுத்தினேன். அருகில் நிற்பவர் முகம் சுளிப்பாரே என்ற நாணம்தான். மனைவியிடம் கால்வலி என்று சொல்லிவைத்தேன்.

காரைக்கால்மேட்டில் எங்கள் தெருவையடுத்து வாழும் மீனவர் ஒருவருக்கும் இதே அறுவை. மருத்துவரிடம் என் முன்னிலையிலேயே அவர், "படகுல ஒதுங்க இடமேதுங்க ஐயா? கடலுக்குப் போகவே பயமாயிருக்கு" என்றார். மருத்துவர் விளக்கினார்: குடலின் வேகத்தைத் தணிக்கும் லோப்பரமைடு மாத்திரை உண்டு, ஆசனவாய்த் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி உண்டு, ஓரிரு ஆண்டுகளில் பலருக்குத் தணியும், சிலருக்கு முற்றும் நீங்காது. டென்மார்க் மருத்துவர்கள் 2012இல் வெளியிட்ட ஐந்து வினாக்களையும் கேட்டார். மொத்தம் 42, முப்பதும் அதற்கு மேலும் கடுமை. எனக்கு 39.

உடல் பற்றிய ஒரு வினாவைத் தாமே கேட்க நாணிய அலி (ரலி) அவர்கள், மிக்தாத் (ரலி) அவர்களைக் கொண்டு பெருமானார் (ஸல்) அவர்களிடம் கேட்கச் செய்த வரலாறு அன்றிரவு நினைவுக்கு வந்தது. எனக்காகக் கேட்டவர் அந்த மீனவர்.

நான் பாடம் நடத்திய சட்டமும் உடன் நினைவுக்கு வந்தது. தூய்மையுடன் தொழுது முடிக்குமளவு இடைவெளியும் கிட்டாத நோயாளி, தொழுகை நேரம் வந்தபின் சுத்தம் செய்து, துணி கட்டி, உளூச் செய்து, தாமதமின்றித் தொழ வேண்டும். இடையில் அந்நோயால் வெளிப்படுவது தொழுகையை முறிக்காது. ஒவ்வொரு பர்ளுக்கும் புதிய உளூ. ஜமாஅத்துக்காகக் காத்திருக்கும் தாமதத்தையும் நம் ஷாஃபிஈ மத்ஹப் பொறுக்கிறது. பள்ளி அசுத்தமாகும் அச்சமில்லையேல் உள்ளே செல்லவும் தடையில்லை. மார்க்கம் திறந்து வைத்த கதவை என் வெட்கமன்றோ சாத்தியது!

மறுநாள் மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். அழுதாள், பின்னர் பழைய வேட்டியைக் கிழித்து மடித்துத் தந்தாள். இன்று கடைசி வரிசையில், வாசலோரம் நிற்கிறேன்.

அன்பர்களே, உங்கள் இல்லத்துப் பெரியவர் காரணமின்றிப் பள்ளிக்குப் போவதை நிறுத்தினால் கடிந்துகொள்ளாதீர்கள். தனியே அழைத்துக் கேளுங்கள்.