நான்காவது கை

விடுமுறையிற் குருநகருக்குப் போயிருந்தபோது அம்மப்பா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். இளமையில் அவர் தம் வள்ளத்தின் அடிப்பாகத்திற்குச் சுறா எண்ணெயே பூசிவந்தவர். ஒருமுறை கப்பலில் வேலை செய்த ஒருவர் சிவப்புப் பெயின்ற் கொஞ்சம் கொடுத்தாராம். அவ்வாண்டு முழுவதும் பாசியோ சிப்பியோ வள்ளத்தில் ஒட்டவில்லை. அந்தத் தகரம் இன்றில்லை. ஆனால், வெள்ளீயம் கலந்த கப்பற் பெயின்றுகள் தடைசெய்யப்பட்ட செய்தி அவர் காதுக்கு எட்டியிருந்தது.

“ஏன் மோனை அதைத் தடைசெய்தவை? கடலிலை கரைஞ்சு போற சாமான்தானே?”

கலைப்பீட மாணவனாகிய நான் விஞ்ஞானபீட நண்பரொருவரையே நாடவேண்டியதாயிற்று. அப்பெயின்றுகளில் இருந்தது திரிபியூற்றைல்வெள்ளீயம். வெள்ளீய அணுவுக்கு நான்கு கைகள் என்று கொள்ளுவோம். மூன்று கைகள் காபன் சங்கிலிகளை இறுகப் பற்றியுள்ளன. நான்காவதுதான் நிலையற்றது. கடல்நீரில் அது ஐதரொட்சைட்டைப் பிடிக்கும்; அதை விட்டுக் குளோரைட்டைப் பிடிக்கும்; காபனேற்றையும் பிடிக்கும். இத்தகைய சேர்வைகள் சிலவற்றிற் கரைப்பானின் மூலக்கூறே ஐந்தாவதாக வந்து ஒட்டிக்கொள்ள, நான்முகி வடிவமும் மாறிவிடுகின்றது. மாற்றம் மிக விரைவானதாயின், கருக்காந்தப் பரிவுக் கருவியில் இரு நிலைகளும் இரு கோடுகளாகத் தெரிவதில்லை. இடையில் ஒரே கோடுதான். வேகமாய் உருளும் சைக்கிளின் கம்பிகளை எண்ணமுடியாதது போலத்தான். கரைசலைக் குளிர்வித்தாற் சிலவேளை அவை பிரிந்து தெரியும் என்றார் நண்பர்.

‘கரைதல்’ என்பதை நாம் ‘இல்லாமற்போதல்’ என்ற பொருளிலேயே வழங்கி வந்திருக்கிறோம். கரைந்த வெள்ளீயமோ நான்காவது கையை மாற்றிமாற்றி, உயிர்களின் கொழுப்பினுட் புகுந்துவிடுகின்றது. பிரான்சின் ஆர்க்கஷோன் குடாவில் 1970களின் பிற்பகுதியிற் சிப்பி வளர்ப்பு வீழ்ச்சியுற்றது. ஐரோப்பியக் கரையோர நத்தையினமொன்றில், இலீற்றருக்கு ஒரு நனோகிராம் அளவே பெண் நத்தைக்கு ஆணுறுப்பு முளைக்கப் போதுமாயிருந்தது. பிரான்சு 1982இற் சிறு படகுகளில் அதனைத் தடுத்தது. 2001இல் உருவான சர்வதேச உடன்படிக்கை 2008இலேயே நடைமுறைக்கு வந்தது. அந்த மூன்று கைகளும் ஒவ்வொன்றாய் அறுபட வேண்டும். கடலடிச் சேற்றில் அதற்குப் பல ஆண்டுகள் செல்லும்.

இவற்றையெல்லாம் கைகளை வைத்தே அம்மப்பாவுக்குச் சொன்னேன். சற்றுநேரம் அவர் பேசவில்லை.

“அப்ப, அந்த வருசம் நான் கடலுக்கு நஞ்செல்லோ பூசியிருக்கிறன்?”

அது அதே பெயின்றென்று எப்படிச் சொல்வது என்றேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. ஒரு வள்ளத்துப் பெயின்ற் எம்மாத்திரம் என்று சொல்லவும் வாயெடுத்தேன். அந்த நனோகிராம் நினைவுக்கு வந்தது. பேசாதிருந்துவிட்டேன்.