விலைவாசியும் கூலியாளும்

விலைவாசி ஏறும்போதெல்லாம் நம்மவர் இருவரைக் குற்றஞ்சாட்டுவது வழக்கம். ஒருவர் கடைக்காரர், மற்றவர் கலிபுருஷன். கடைக்காரருள் பேராசைக்காரர் உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நாடு முழுதுமுள்ள கடைக்காரர் அனைவர்க்கும் ஒரே மாதத்தில் பேராசை பிறப்பது எங்ஙனம்? கலிபுருஷனோ அரிசி வியாபாரம் செய்ததாக நாம் கேள்வியுற்றதில்லை.

மெய்க்காரணத்தை மலாயாத் தமிழர் ஒருமுறை கண்கூடாகக் கண்டனர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின் ஜப்பானியர் நோட்டுகள் புழங்கலாயின. பத்து வெள்ளித் தாளில் வாழைமரம் இருந்தமையால் எல்லாவற்றிற்கும் வாழைமர நோட்டென்றே பெயர் வழங்கிற்று. செலவு நேரும்போதெல்லாம் அச்சிட்டனர். பிற்காலத்தில் வரிசை எண்கூட இடவில்லை. கப்பலில் வரும் அரிசியோ குன்றிற்று. தாள் மிகுந்து பண்டம் குறைந்தால் நிகழ்வது யாது? போருக்கு முன் ஐந்தாறு வெள்ளிக்குக் கிடைத்த ஒரு பிக்கல் அரிசிக்கு, அதாவது ஏறத்தாழ 60 கிலோவுக்கு, 1945இன் நடுவில் ஆயிரக்கணக்கில் கொட்ட வேண்டியதாயிற்று. தோட்டத்து லயத்தில் அந்நாளைக் கழித்த எம் பாட்டியார், “மடியில் நோட்டுக் கட்டு, அடுப்பில் மரவள்ளிக் கிழங்கு” என்பார்.

இதில் யாவரும் ஒருங்கே கெட்டனரோ? இல்லை. நிலமும் நகையும் உடையார் ஒருவாறு தாங்கினர். போருக்கு முன் கடன்பட்டாருட் சிலர் அதனை அத்தாளாலேயே தீர்த்து மகிழ, கொடுத்தவர் வயிறெரிந்தனர். அவ்வழக்குகளைத் தீர்க்க 1948இல் தனிச்சட்டமே இயற்ற நேர்ந்தது. கூலி ஒன்றையே நம்பியவனுக்கு எச்சட்டம் வந்தது? 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் மீண்டதும் அந்நோட்டுகள் செல்லாவாயின. பாட்டியார் டிரங்குப் பெட்டியில் சேர்த்தவை பிள்ளைகள் காகிதக் கப்பல் விடப் பயன்பட்டன.

அத்தகைய கொடுமை இன்றில்லை. எனினும், அடி முதலில் விழுமிடம் கூலியாளின் அடுப்பே. 2023 ஜூலையில் இந்தியா வெள்ளையரிசி ஏற்றுமதியைத் தடுத்தது. உலகச் சந்தை இறுகிற்று. செப்டம்பரில் மலேசியாவில் இறக்குமதி வெள்ளையரிசி டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டாயிற்று. நூற்றுக்கு 36 ஏற்றம்! அவ்வாண்டின் பணவீக்கமென அரசாங்கம் கணக்கிட்டதோ நூற்றுக்கு 2.5. இவற்றுள் எதுவும் பொய்யன்று. அரசாங்கத்தின் கூடையில் தொலைபேசியும் உண்டு, தட்டுமுட்டுச் சாமானும் உண்டு, உல்லாசப் பயணமும் உண்டு. வருவாயிற் பெரும்பகுதியை உணவுக்கே கொடுப்பவன் கூடையில் அரிசி எவ்வளவு இடத்தை அடைக்கும்! சராசரி என்பது அவன் வீட்டைப் பார்த்து எழுதப்பட்டதன்று.

ஆதலின் சம்பளப் பேச்சுக்குச் செல்லும் தோழர்கள் அந்த 2.5ஐ மட்டும் கையிலேந்திச் செல்லலாகாது. மளிகைக் கடைச் சீட்டுகளை, சென்ற ஆண்டினதும் இவ்வாண்டினதும், வீட்டுப் பெண்களிடம் கேட்டு வாங்கிச் செல்க. 2025 பிப்ரவரியில் மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ரிங்கிட்டிலிருந்து 1,700 ஆக்கப்பட்டது. கூடிய அந்த 200 எந்தெந்தக் கடையில் எந்தெந்தத் தேதியில் தீர்ந்தது என்பது அச்சீட்டுகளில் இருக்கும்.