13 மார்க் கேள்வி

சிங்கப்பெருமாள் கோவிலில் பஸ் ஏறி ஒரகடத்துக்கு வேலைக்கு வரும் புது மெக்கானிக்கல் இன்ஜினியரிங் பிள்ளைகளிடம் மைக்ரோமீட்டரைக் கொடுத்தால், பாதிப் பேர் ஜீரோ எரர் பார்க்காமலே ஷாஃப்டை அளக்கிறார்கள். ராட்செட்டைத் தொடுவதில்லை, திம்பிளைப் பிடித்து முறுக்குகிறார்கள், ரீடிங் குறைந்துவிடுகிறது. படம் போடச் சொல்லுங்கள், பாகம் குறித்து அழகாகப் போடுவார்கள்!

அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அளக்கத் தெரிய வேண்டும் என்று பாடத்திட்டத்தில் இலக்கு எழுதியிருக்கும். அண்ணா பல்கலைக்கழகத் தேர்வில் 13 மார்க்குக்கு வருவதோ 'படத்துடன் விளக்குக'. 2014இல் இந்தியா, இன்ஜினியரிங் படிப்புகளுக்கான அங்கீகாரம் பற்றிய வாஷிங்டன் ஒப்பந்தத்தில் நிரந்தர உறுப்பினரான பிறகு, இலக்கையும் கேள்வியையும் பொருத்திக் காட்டும் அட்டவணைக்குக் கல்லூரிகளில் குறைவில்லை. படிப்புக்கு அங்கீகாரம் தரும் என்.பி.ஏ. குழு வரும் வாரத்தில் அது இன்னும் பக்காவாக இருக்கும்.

பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி லேப் பாடத்துக்கு அகமதிப்பீடு 60 சதவீதம். அது ஆசிரியர் கையில் இருக்கிறது. ரெக்கார்டு நோட்டுக்குப் போடும் மார்க்கைக் கொஞ்சம் குறைத்து, அளவு தெரிந்த ஒரு பின்னையும், வேண்டுமென்றே ஜீரோ தள்ளிவைத்த மைக்ரோமீட்டரையும் மேஜையில் வைக்கலாம். சரியாக அளந்தால் மார்க். "சார், இதுல ஜீரோ தள்ளியிருக்கு" என்று சொன்னால் கூடுதல் மார்க். எங்கள் கம்பெனி இன்டர்வியூவில் இப்போது அதைத்தான் செய்கிறோம்.