தேங்காய்க் கண் வழியே வெயில்

இரும்புலியூர் வீட்டில் நவராத்திரி என்றாலே எனக்கு முதலில் மைதாப் பசை வாசனைதான் வரும், சுண்டல் வாசனையெல்லாம் அப்புறம். மயில்துத்தம் போட்டு அம்மா காய்ச்சித் தருவாள். அப்படியும் கரப்பான் விடாது.

அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் மாமல்லபுரம் கூட்டிப் போனார்கள். ஐந்து ரதத்தில் மற்றவர்கள் கல் யானையைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்க, நான் சகாதேவ ரதத்தின் பின்பக்கமே நின்றேன். முன்னால் நேர்ச்சுவர், பின்னால் யானை முதுகாக உருண்டு கிடந்தது. "தூங்கானை மாடம்" என்றார் வாத்தியார். திரௌபதி ரதமோ கல்லிலேயே வேய்ந்த கீற்றுக்குடிசை. 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பிகள் பாறையைச் செதுக்கிச் செய்ததை நான் எங்கள் கொலுவுக்குச் செருப்புப் பெட்டியில் ஒட்டுப் போட்டுச் செய்துவிடலாம் என்று பஸ்ஸிலேயே முடிவு கட்டினேன்.

முன்பக்கம் பெட்டி, அதன்மேல் கீற்று. உள்ளே இருட்டு. பின்பக்கத்துக்கு உருண்டையாக எது கிடைக்கும் என்று அலைந்து, கடைசியில் கொட்டாங்குச்சி, அதுவும் கண் இருக்கிற மூடி. ஒரு கண் குச்சியால் குத்தியதும் திறந்துகொண்டது. மற்ற இரண்டும் கல். ஆணியைப் பழுக்கக் காய்ச்சித் துளைத்ததில் வீடெல்லாம் ஓடு கருகிய நெடி, விரலில் கொப்புளம், முதுகில் அம்மா வைத்த ஒன்று.

பொம்மைகள் கிழக்கே பார்க்க வேண்டும் என்பது ஆயா சட்டம். அதனால் மேல்படிக்குப் பின்னால் மேற்கு ஜன்னல். சாயங்காலம் நாலரைக்கு வெயில் அந்த மூன்று கண்ணிலும் நுழைந்து, உள்ளே உட்கார்ந்திருந்த சுண்டுவிரல் உயரப் பிள்ளையாருக்கு முன்னால் மூன்று பொட்டு வைக்கும். பத்தே நிமிஷம்தான், பிறகு பொட்டெல்லாம் நகர்ந்து காணாமல் போகும்.

இதில் நான் யோசிக்காத ஒன்று, சுண்டலுக்கு ஆள் வருவது ஏழு மணிக்கு என்பது. செட்டியார் பொம்மையைப் பார்த்துச் சிரித்தவர்கள் என் மண்டபத்தை, "இது என்ன, எலிப்பொறியா?" என்றார்கள். அம்மா பாவம் பார்த்து அதன்மேல் சீரியல் பல்பைச் சுற்றிவிட, எனக்கு அழுகையே வந்துவிட்டது. சுண்டலை மட்டும் தின்றேன்.

மறுநாள் நான் தெருவில் கோலி ஆடிக்கொண்டிருக்கையில், "டேய், வந்துடுச்சிடா!" என்று ஆயா குரல். ஓடினால், கொலு முன்னால் காலை நீட்டி, மடியில் வெற்றிலை உரலோடு அவள். மூன்று பொட்டும் பிள்ளையாருக்கு முன்னால் இறங்கியிருந்தன. அதே நேரம் பார்த்துப் பக்கத்து ரயில் லைனில் வண்டி போக, படியெல்லாம் கிடுகிடுத்துப் பிள்ளையார் ஆட, பொட்டும் நடுங்கியது.

"வண்டி போய்த் தொலையட்டும், இரு," என்றாள் ஆயா, இடிப்பதை நிறுத்திவிட்டு.