காலியாக விட்ட மாலை

குருமடத்தில் ஒன்றாய்ப் பயின்ற நாங்கள் நால்வர், மலையும் பள்ளத்தாக்கும் கடலும் காணும் பயணமொன்றை இருபது ஆண்டுகளாய்த் தள்ளிப்போட்டு வந்தோம். சென்ற ஆண்டு எங்களுள் ஒருவர் இறைவனடி சேர்ந்தார். எஞ்சிய மூவரும் பதறிப்போய் வரைபடத்தை விரித்தோம்.

குமுளியிலிருந்து மலைச்சாலையில் இறங்கி, கம்பம், தேனி, மதுரை, தூத்துக்குடி வழியே மணப்பாடு சேர்வதென வகுத்தோம். மேற்கே அரபிக்கடலை நோக்கி ஓடிய பெரியாற்று நீர், 1895-இல் அணை எழுந்தபின், மலையைக் குடைந்த சுரங்கவழியே கிழக்கே திரும்பிக் கம்பம் பள்ளத்தாக்கின் நெல்வயல்களைப் பசுமையாக்குகிறது. அதைக் காண வேண்டும். மணப்பாட்டில் கடலோரக் குன்றின்மேல் 1581-இல் எழுந்த திருச்சிலுவை ஆலயத்தையும் காண வேண்டும். இடையில் இன்னும் எத்தனையோ! இரண்டே நாள்களுக்குப் பதினோர் இடங்கள் சேர்ந்துவிட்டன.

பட்டியலைப் பார்த்த மூட்டுவலிக்கார நண்பர் கேட்டார்: "நாம் மூவரும் உட்கார்ந்து பேச இதில் எங்கே ஐயா நேரம் வைத்திருக்கிறீர்?"

எங்களிடம் விடையில்லை. மறைந்தவரோடு பேசாமல் கழித்த ஆண்டுகள் நெஞ்சை உறுத்தின. ஆறு இடங்களை அடித்தோம். மணப்பாட்டு மாலைக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை.

அன்பர்களே, நீங்களும் பயணம் போக நினைத்திருந்தால், உடன்வருவோர் இருக்கும்போதே நாள் குறியுங்கள். அதில் ஒரு மாலையைக் காலியாக விடுங்கள்.